மூன்று தரம் சொன்ன பிறகும் முடியாத ஏலம்

ஏலம் என்றால் ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று கூவி, மூன்றாவது தரத்தோடு பொருள் கைமாறிவிடும் என்றுதான் 2013 வரை நான் நினைத்திருந்தேன். கோயில் தென்னந்தோப்பின் குத்தகை ஏலத்தையும், மீட்கப்படாத அடகு நகைகளின் ஏலத்தையும் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? மூடப்பட்ட கம்பெனி ஒன்றின் இயந்திரங்களைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடந்த விற்பனையில் வாங்கப் போன பிறகுதான், விலை கேட்டு முடிவது வேறு, விற்பனை முடிவது வேறு என்று தெரிந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஐந்து மாதங்களும் கொஞ்சம் பணமும் போயின.

அம்பத்தூரில் ஏழு பேர் வேலை பார்க்கும் சிறிய லேத் (உலோகம் கடையும் இயந்திரம்) பட்டறை என்னுடையது. அப்போது மூன்று மீட்டர் பெட் (இயந்திரத்தின் நீண்ட அடிப்பாகம்) உள்ள ஒரு லேத்தும் ஒரு ரேடியல் டிரில்லிங் மெஷினும் தேவைப்பட்டன. புதிதாக வாங்கும் வசதி இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளில் வந்திருந்த டெண்டர் அறிவிப்பை என்னுடைய ஆடிட்டர்தான் வெட்டி அனுப்பினார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருந்த ஒரு தொழிற்சாலை. கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல், 1956ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்கீழ் அதைக் கலைக்கும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. அத்தகைய ஆணை வந்தவுடன் கம்பெனியின் சொத்துகள் அனைத்தும் நீதிமன்றத்தோடு இணைந்த கலைப்பாளரின் பொறுப்புக்குப் போய்விடும். அஃபிஷியல் லிக்விடேட்டர் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். ராஜாஜி சாலையில் உள்ள அவருடைய அலுவலகம் தொழிற்சாலைக்குச் சீல் வைத்து, பொருள் பட்டியல் எடுத்து, மதிப்பீட்டாளரை வைத்து மதிப்புப் போட்டு, குறைந்தபட்ச விலைக்கு நீதிமன்றத்தின் ஒப்புதலும் பெற்ற பிறகே அறிவிப்பு வெளிவருகிறது. எங்கள் அறிவிப்பில் அந்த விலை 60 லட்சம் ரூபாய். டெண்டரோடு முன்கூட்டியே கட்டும் முன்வைப்புத் தொகை அதில் பத்து சதவீதம், டிமாண்ட் டிராஃப்டாக.

எனக்குத் தேவை இரண்டு இயந்திரங்கள். அறிவிப்பிலோ தொழிற்சாலையின் இயந்திரங்கள் முழுவதும் ஒரே லாட், அதாவது ஒரே தொகுதி. பிரித்துத் தரும்படி கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றார்கள். இப்படிப்பட்ட லாட்டுகளை எடுப்பவர்கள் பெரும்பாலும் பழைய இரும்பு வியாபாரிகள்தான் என்பதால், பல வருடங்களாக எங்கள் பட்டறையின் துருவலை வாங்கிக்கொண்டிருந்த ஒரு வியாபாரியிடம் போனேன். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். “தம்பி, லேத்தும் டிரில்லும் உனக்கு, மத்தது எனக்கு. ஆனா எல்லாத்தையும் இப்பவே எழுதிடுவோம்” என்றார். நண்பர்களுக்குள் எதற்கு எழுத்து என்று நான் தயங்கியதை அவர் பொருட்படுத்தவில்லை. முத்திரைத்தாளில் மூன்று பக்கம் எழுதினோம்: மொத்த விலையில் என் பங்கு 16 சதவீதம், ஏலக் கேள்வி எவ்வளவு ஏறினாலும் அதே விகிதம், 90 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கேட்பதில்லை, எந்த இயந்திரத்தோடு எந்தத் துணைக்கருவி போகும் என்பது வரை. டெண்டரும் இருவர் பெயரிலும் கூட்டாகவே போட்டோம். வியாபாரிகள் தங்களுக்குள் ரகசியமாக ‘ரிங்’ சேர்ந்து விலை ஏறாமல் பார்த்துக்கொள்வதும் இந்தத் தொழிலில் உண்டு. நீதிமன்றம் அந்த வாடையை உடனே பிடித்துவிடும் என்பதால், கூட்டு என்றால் வெளிப்படையான கூட்டாக இருக்க வேண்டும் என்பதில் பாய் கண்டிப்பாக இருந்தார். பின்னால் எங்களுக்குள் ஒரு வார்த்தைகூடத் தடிக்காததற்கு அந்த மூன்று பக்கங்கள்தான் காரணம்.

பார்வையிடுவதற்கு இரண்டு நாள் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் சும்மா கையை வீசிக்கொண்டு போய், இரண்டாம் நாள் டார்ச், டயல் கேஜ், மண்ணெண்ணெய் நனைத்த துணி, ஸ்பானர் செட்டுடன் போனேன். மூன்று ஆண்டுகளாக மின்சாரம் இல்லாத ஷெட்; எந்த இயந்திரத்தையும் ஓட்டிப் பார்க்க முடியாது. ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்’ என்ற நிபந்தனையின் பொருள் அங்கேதான் கண்ணுக்குத் தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா மோட்டார்களும் இருந்தன. இணைப்புப் பெட்டியின் மூடியைத் திறந்தால் பாதிக்குமேல் செம்புக் கம்பியை உருவி எடுத்திருந்தார்கள். கேபிள் டிரெஞ்சில் பூரான்கள் மட்டும்தான் இருந்தன. பொருள் பட்டியலில் ‘ரேடியல் டிரில்லிங் மெஷின் 1’ என்று இருந்ததே தவிர, அதற்கு மோட்டார் உண்டா, பேனல் உண்டா என்று ஒரு சொல்லும் இல்லை. பட்டியலில் இருக்கிறது என்பதற்காகப் பின்னால் கலைப்பாளரிடம் போய்க் குறை சொல்ல வழியும் இல்லை. கலைப்பாளர் விற்கும் சொத்துக்கு அவர் எந்த உத்தரவாதமும் தருவதில்லை, உரிமையும் வில்லங்கமும் உட்பட எல்லாவற்றையும் வாங்குபவர்தான் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், பிறகு குறை கண்டு விலையைக் குறைக்கக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 1990களில் யுனைடெட் பாங்க் ஆஃப் இந்தியா வழக்கில் சொல்லிவிட்டது.

நான் தேடிப் போன லேத்தின் பெட் மீது மட்டும் கறுத்து இறுகிப்போன கிரீஸ் ஒரு விரல் தடிமனுக்குப் பூசியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு ஓரத்தைத் துடைத்தபோது, அடியில் துரு இல்லாமல், தேய்மானமும் அதிகமில்லாமல், பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் நின்ற மற்ற லேத்துகளின் பெட் எல்லாம் செங்கல் நிறத்துக்கு வந்திருக்க, இதற்கு மட்டும் யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள்.

அந்த யாரோ, வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் கிடைத்தார். அந்தத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் டர்னராக, அதாவது லேத் ஓட்டுபவராக, இருந்தவர். பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்து, பழைய தொழிலாளிகள் நான்கைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி ஷிஃப்டு முடிந்த அன்று, இனிமேல் கதவு திறக்காது என்று புரிந்துகொண்டு, அந்த லேத்துக்கு அவர்தான் கிரீஸ் பூசிவிட்டு வந்திருக்கிறார். ஸ்பிண்டில் பேரிங் எப்போது மாற்றியது, டெயில்ஸ்டாக் பூட்டும் நட்டு நழுவும், ரேடியல் டிரில்லின் கை ஏறி இறங்கும் திருகில் ஒரு இடத்தில் பல் போயிருக்கிறது என்று, மதிப்பீட்டாளர் அறிக்கையில் இல்லாத எல்லாவற்றையும் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொன்னார். மூடிய தொழிற்சாலையைப் பார்க்கப் போகிற எவரும் உள்ளே செலவிடும் நேரத்தில் பாதியையாவது வாசலில் இருப்பவர்களோடு செலவிட வேண்டும்.

பிறகு அவர் கேட்டார்: “சார், எவ்வளவுக்குப் போகும்னு நினைக்கிறீங்க?” அவருடைய பணிக்கொடையும் கடைசி எட்டு மாதச் சம்பளமும் நிலுவையில் இருந்தன. 1956ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 529ஏ பிரிவின்படி, விற்ற பணத்தில் தொழிலாளர் நிலுவையும், அடமானம் பெற்ற வங்கிகளின் கடனும் சமமான முன்னுரிமையில் பங்கு போடப்படும். பணம் போதவில்லை என்றால் இரு தரப்புக்கும் விகிதப்படி குறையும். நான் குறைந்த விலைக்கு எடுக்கப் பார்க்கிறேன். நான் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் அவருக்கு ஒரு பங்கு குறைகிறது. “அறுபதுக்கு மேல் போகும்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

பிப்ரவரி இறுதியில் டெண்டர் உறைகளை நீதிமன்ற அறையிலேயே, கம்பெனி வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியின் முன்னால் பிரித்தார்கள். ஐந்து பேர் போட்டிருந்தோம். எங்களுடையது 64 லட்சம், அதிகபட்சம் 67. அதோடு முடிந்தது என்று நான் எழுந்திருக்கப் பார்த்தேன், பாய் கையைப் பிடித்து உட்கார வைத்தார். வந்திருப்பவர்களில் யாராவது விலையைக் கூட்டத் தயாரா என்று நீதிபதி கேட்டார். மூடிய உறை அந்த அறைக்குள் நுழைவதற்கான சீட்டு மட்டுமே. உண்மையான ஏலம் அங்கே வாய்மொழியாக, வழக்கறிஞர்களும் அடுத்த வழக்குக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க நடக்கிறது. லட்சம் லட்சமாக ஏறி 78 லட்சத்தில் எங்கள் பெயரில் நின்றது. வெளியே வந்து சரவண பவனில் சாப்பிட்டோம். நான் பட்டறைக்குப் போய், லேத்துக்கு அடித்தளம் போட ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். அந்தக் காரியத்தை அன்றைக்குச் செய்திருக்கவே கூடாது.

நிறுவனங்கள் தொடர்பான 1959ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 272ஆம் விதி, கலைப்பாளர் செய்யும் ஒவ்வொரு விற்பனையும் நீதிமன்றத்தின் உறுதிப்படுத்தலுக்கு உட்பட்டது என்றது. உறுதிப்படுத்தும் ஆணைக்காக வழக்கு பட்டியலில் வந்த நாளில், டெண்டரே போடாத ஒருவர் 86 லட்சம் தருவதாக ஒரு மனுவும், முன்வைப்புத் தொகைக்கு ஈடான டிராஃப்டும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். எங்கள் வழக்கறிஞர் எதிர்த்தார். விலை போதுமானதா என்று நீதிமன்றம் நிறைவடைந்த பிறகே உறுதிப்படுத்த வேண்டும் என்று நவல்கா வழக்கில் 1969இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. போதுமானது என்று ஒருமுறை முடிவுக்கு வந்த பிறகு, பின்னால் வரும் அதிக விலையைக் காட்டி மறுக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. எங்கள் விஷயத்தில் அந்த முடிவுக்கு நீதிமன்றம் இன்னும் வரவில்லை என்பதுதான் சிக்கல். திவ்யா மேனுஃபாக்சரிங் வழக்கில், 2000இல், உறுதிப்படுத்திய விற்பனையையே, மிக அதிகமான விலை வந்ததால், திறந்து பார்த்தார்கள். ஆக, மீண்டும் ஏலக் கேள்வி. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் 89 லட்சத்து 50 ஆயிரத்தில் எங்கள் பெயருக்கே முடிந்து, அன்றே உறுதியும் ஆனது. 90 என்ற எங்கள் எல்லைக்கு ஐம்பதாயிரம்தான் பாக்கி. இன்னும் ஒரு கேள்வி ஏறியிருந்தால் பாய் எழுந்து போயிருப்பார், சந்தேகமே இல்லை.

அந்த இரண்டு மாதமும் நான் நீதிமன்றத்தை வாய்க்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். 78க்கு வாங்கியதை 89.5க்கு வாங்க வைத்தது என் பார்வையில் அநியாயம். ஆனால் அந்தக் கூடுதல் பதினொன்றரை லட்சம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களின் கணக்கிலும் போய்ச் சேர்கிறது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது; அவர்கள் சார்பில் அந்த அறையில் விலை கேட்க வேறு யாரும் இல்லை. நான் வாங்கியது விற்கிறவருக்கு அவசரம் உள்ள பொருள் அல்ல, பலருக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய ஒருவர் விற்கும் பொருள் என்று புரிந்துகொண்டிருந்தால், 78 லட்சத்தன்று அடித்தளத்துக்கு ஆள் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பழைய இயந்திரத்துக்கு நான் கேட்ட இரண்டு வங்கிகளும் கடன் தரவில்லை. மீதித் தொகையை ஆணையில் குறித்த நாளுக்குள் கட்டத் தவறினால் முன்வைப்புத் தொகை பறிமுதலாகும். அதனால் தெரிந்தவர்களிடம் வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். ஆணையின் சான்றிட்ட நகல் கைக்கு வருவதற்குள் உயர் நீதிமன்றத்தின் மே மாதக் கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. பணம் கட்டியாயிற்று, சாவி கிடைக்கவில்லை, வட்டி ஓடிக்கொண்டிருந்தது. பிப்ரவரிக்குப் பிறகு திறக்கும் டெண்டர் என்றால், ஜூன் வரைக்கான வட்டியையும் கேள்விக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வது என்று அப்போது முடிவு செய்தேன்.

ஜூன் நடுவில் சாவி வந்தது. லேத்தை உள்ளே வைத்த பிறகுதான் முன்பக்கச் சுவரைக் கட்டியிருக்கிறார்கள் என்பது கழற்றப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவு அகலம் போதாது. சுவரில் கைவைக்க நமக்கு அனுமதி கிடையாது, கட்டடம் விற்பனையில் சேரவில்லை. கூரைத் தகடுகளைக் கழற்றி, ஹைட்ரா கிரேனால் மேலே தூக்கி எடுத்து, தகடுகளைத் திரும்ப மாட்டிக் கொடுக்கக் கலைப்பாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்கினோம். இந்த வேலைக்கு டீக்கடை டர்னரைத்தான் நாள்கூலிக்கு அழைத்துக்கொண்டேன். ஹெட்ஸ்டாக்கைக் கழற்றாமல் எந்த இடத்தில் பெல்ட் போட்டுத் தூக்கினால் பெட் முறுக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கிரேன்காரர் சங்கிலியைப் போட்ட இடத்தைப் பார்த்துவிட்டு, டர்னர் ஒன்றும் சொல்லாமல் போய் அதை அவிழ்த்தார்.

விலையில் என் 16 சதவீதம் 14 லட்சத்து 32 ஆயிரம். வரி தனி. மோட்டார் சுற்றியது, பேனல், கேபிள் எல்லாம் 1 லட்சத்து 60 ஆயிரம். கழற்றியது, ஏற்றியது, இறக்கியது, அடித்தளம் 1 லட்சத்து 30 ஆயிரம். வட்டி கிட்டத்தட்ட எழுபதாயிரம். ஏல விலைக்கு மேல் கால் பங்கு இப்படிப் போகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இப்போது ஒவ்வொரு முறையும் அந்தக் கால் பங்கை முதலில் கழித்துவிட்டுத்தான் என் எல்லையை எழுதுகிறேன்.

இரண்டாவது அனுபவம் 2021இல். அதற்குள் முறையே மாறிவிட்டது. 2016ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டத்துக்குப் பிறகு, கம்பெனிகளைக் கலைக்கும் வழக்குகள் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டன. உயர் நீதிமன்றத்தில் பாதியில் நின்ற பழைய வழக்குகள் மட்டும் சில அங்கேயே தொடர்ந்தன. கலைப்பாளர் இப்போது அரசு அதிகாரி அல்ல, பதிவு பெற்ற நொடிப்புத் தொழில்முறையாளர். ஏலம் இணையத்தில். ஒவ்வொரு விற்பனைக்கும் தீர்ப்பாயத்தின் தனி உறுதிப்படுத்தலுக்குக் காத்திருக்கும் வழக்கமும் இல்லை. இந்த முறை ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை. இயந்திரங்களைத் தனித்தனி லாட்டாகவே பிரித்திருந்தார்கள், பாயின் உதவி தேவைப்படவில்லை.

காகித வேலைதான் அதிகம். முக்கியமாக, அந்தத் திவால் சட்டத்தின் 29ஏ பிரிவின்கீழ்த் தகுதியின்மை எதுவும் எனக்கு இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம். கம்பெனியை முழுக அடித்தவர்களே பினாமி மூலம் மலிவாகத் திரும்ப வாங்கிவிடக் கூடாது என்பதற்கான பிரிவு அது. ஜெயித்தவர் மீதித் தொகையை 90 நாளுக்குள் கட்டலாம். ஆனால் 30 நாள் தாண்டினால் 12 சதவீத வட்டி, 90 நாள் தாண்டினால் விற்பனையே ரத்து. ஏலம் போகவில்லை என்றால் அடுத்த ஏலத்தில் குறைந்தபட்ச விலையை 25 சதவீதம் வரை குறைக்கலாம், அதற்குப் பிறகும் போகாவிட்டால் ஒவ்வொரு முறையும் 10 சதவீதத்துக்கு மிகாமல் குறைக்கலாம் என்ற விதியும் அப்போது இருந்தது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதல் ஏலத்தில் வாயே திறப்பதில்லை. நானும் அப்படி ஒரு மில்லிங் மெஷினுக்குக் காத்திருந்து, முதல் ஏலத்திலேயே வேறொருவரிடம் அதைக் கோட்டைவிட்டேன், சி.என்.சி. டர்னிங் சென்டருக்கு (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் லேத்) காத்திருந்தது மட்டும் பலித்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் இன்னும் ஐந்து நிமிடம் நீளும். பட்டறை மேசையில் உட்கார்ந்து, திரையில் எண்கள் ஏறுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கையில், எதிராளியின் முகம் தெரியாததால் கை தானாகப் பொத்தானை அழுத்தப் போகிறது. எல்லையைத் தாளில் எழுதித் திரையின் மீதே ஒட்டி வைத்திருந்தேன். விலைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், கட்டும் நாளில் கையில் இருக்க வேண்டும்.

சி.என்.சி. வாங்குபவர்கள் பலர் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோலரின் நினைவகம் ஒரு சிறு பேட்டரியில்தான் உயிரோடு இருக்கிறது. மின்சாரம் இல்லாமல் ஓரிரு ஆண்டு கிடந்தால் பேட்டரி செத்து, அந்த இயந்திரத்துக்கே உரிய அளவுருக்கள், அதாவது அதை இயக்கும் அமைப்பு எண்கள், அழிந்துவிடும். அதன் பிறகு வெறும் இரும்புதான். அவற்றைத் திரும்ப ஏற்ற, தயாரித்த கம்பெனியிலிருந்து ஆள் வர வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. பார்வையிடும்போது பேனல் கதவைத் திறந்தேன். உட்புறம் பிளாஸ்டிக் உறையில் அளவுருக்களின் அச்சுத்தாள் மடித்து வைத்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் முன்வைப்புத் தொகை கட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் படமும் எடுத்துக்கொண்டேன். பொருளை எடுக்கப் போன அன்றைக்கு உறை மட்டும்தான் இருந்தது.

நிலமும் கட்டடமும் வாங்குபவர்களின் கதை வேறு, அதில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. என் நண்பர் ஒருவர் வங்கி ஏலத்தில் ஷெட் வாங்கி, மின் இணைப்புக்கு விண்ணப்பித்தபோது, பழைய உரிமையாளரின் மின் கட்டணப் பாக்கியைக் கட்டச் சொன்னார்கள். அப்படிக் கேட்க விதிமுறைகளில் இடமிருந்தால் ஏலத்தில் வாங்கியவரிடமும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் கே.சி. நைனான் வழக்கில் சொன்னது. திவால் சட்டத்தின்கீழ் நடக்கும் கலைப்பில் அந்தப் பாக்கி மற்றக் கடன்களைப் போல வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று அதே ஆண்டு ஜூலையில் ராமன் இஸ்பாட் வழக்கில் சொன்னது. ஆகவே எந்தச் சட்டத்தின்கீழ் நடக்கும் ஏலம் என்பதை அறிவிப்பின் முதல் வரியிலேயே பார்த்துவிட வேண்டும்.

2013இல் அந்த லேத்தை எடுத்த நாள்வரை, டர்னர் தன் நிலுவைக்கு உரிமைக் கோரிக்கைப் படிவத்தைத் தாக்கல் செய்யாமலே இருந்தார்; கம்பெனிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதே, அது போதும் என்று நினைத்திருக்கிறார். கூரைத் தகடுகளை மாட்டி முடித்த அன்று மாலை, அதே டீக்கடையில் உட்கார்ந்து படிவத்தை இருவருமாக நிரப்பினோம். நான்கு ஆண்டுகள் கழித்து ஒருநாள் போன் செய்தார். முதல் தவணை வந்திருக்கிறது, கேட்டதில் பாதிகூட இல்லை, ஆனாலும் வந்திருக்கிறது என்றார். பிறகு, டெயில்ஸ்டாக் நட்டை மாற்றியாயிற்றா என்று கேட்டார். வந்த வாரமே மாற்றிவிட்டோம் என்றேன்.